இருக்கை மறுக்கப்பட்ட இயங்குதளங்கள்

காரைக்காலிலிருந்து நாகூர் செல்லும் சாலையில், நகரைத் தாண்டிச் சிறிது தொலைவில் திருமலைராயன்பட்டினம் இருக்கிறது. தமிழ் பயின்றவர்க்கு அவ்வூர்க் கதை தெரிந்ததே. திருமலைராயன் அவைக்கு வந்த காளமேகப் புலவருக்கு அமர இருக்கை தரப்படவில்லை. அதிமதுரகவியும் அவரைச் சூழ்ந்த புலவர்களும் அவையை நிறைத்திருந்தனர். யமகண்டம் பாடித் தம் திறத்தை மெய்ப்பித்த பின்னும் உரிய சிறப்புக் கிட்டாத காளமேகம், மண்மாரி பொழிந்து ஊர் அழியுமாறு வசைபாடிப் போனார் என்பது வழிவழியாக வழங்கும் கதை. இதில் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்பது வேறு ஆராய்ச்சி.

சென்ற ஆண்டு ஒரு கணினித் திரையின் முன் நின்றபோது நமக்கு இக்கதை நினைவுக்கு வந்தது. ‘இந்த இயங்குதளத்துக்கு ஆதரவு இல்லை’ என்று அத்திரை அறிவித்தது. அவையில் இடமில்லை என்று அன்று சொன்னதைத்தான் இன்று இப்படிச் சொல்கிறார்கள்.

தமிழாசிரியனுக்குக் கணினிக் காவலில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வலையமைப்புப் பாதுகாப்பு மென்பொருள் எந்தெந்த இயங்குதளங்களைக் காக்க வேண்டும் என்னும் முடிவைப் பொறியாளர்களும் வணிகர்களும் எடுத்துக்கொள்ளட்டும் என்றே நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்துக்கு நாம் கொடுத்த விலையைச் சொன்ன பிறகு வாதத்துக்கு வருகிறோம்.

நாம் பணியாற்றும் கல்லூரியின் தமிழ்த்துறையில் பழைய கணினி ஒன்று இருந்தது. புதிய விண்டோஸ் பதிப்புகளைத் தாங்கும் வலு அதற்கு இல்லாததால் லினக்ஸ் நிறுவியிருந்தோம். நெடுங்காடு, நிரவி, கோட்டுச்சேரிப் பக்கத்து ஊர்களில் முதுகலை மாணவர்கள் பதிவுசெய்து வந்த நடவுப் பாட்டுகளும் தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் அதில்தான் சேமிக்கப்பட்டன. வாரம் ஒருமுறை அவை வலையமைப்பின் வழியே கல்லூரியின் பொது வழங்கிக்குப் படியெடுக்கப்படும். ஆரவாரமில்லாத ஏற்பாடு, ஒழுங்காக நடந்து வந்தது.

பிறகு, கல்லூரி முழுமைக்கும் புதிய பாதுகாப்பு மென்பொருள் வாங்குவதென முடிவாயிற்று. வலையமைப்பில் நுழையும் ஒவ்வொரு கணினியிலும் ‘ஏஜென்ட்’ எனப்படும் சிறு காவல் நிரல் இருக்க வேண்டும். அது இல்லாத கணினிக்குக் கதவு திறக்காது. கொள்முதல் குழுவில் துறைக்கு ஒருவர் என்ற முறையில் நாமும் இருந்தோம். ‘விண்டோஸ் 10 மற்றும் அதற்கு மேல்’ என்று ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி இருந்தது. அதன் பொருளை நாம் கேட்கவில்லை. தேநீர் வந்தது, கையொப்பமிட்டோம்.

மறுமாதம் ஆய்வகப் பணியாளர் துறைக்கு வந்தார். “சார், இதுல ஏஜென்ட் ஏறாது. விண்டோஸ் போட்டாத்தான் நெட் வரும்” என்றார். அந்தக் கணினி விண்டோஸைத் தாங்காது என்றோம். “அப்ப தனியா வச்சுக்குங்க சார்” என்றார். தனியே வைத்தோம். படியெடுப்பு நின்றது. நான்காம் மாதம் வன்தகடு பழுதாயிற்று. அந்த நான்கு மாதப் பதிவுகள் மீளவில்லை. மாணவர்கள் தம் கைப்பேசிகளில் இடம் போதாமல் மூலப் பதிவுகளை முன்பே அழித்திருந்தனர். அவற்றுள் ஒன்று, ஒரு மாணவி தன் அப்பாயியைப் பாடவைத்துப் பதிந்த ஒப்பாரி. அந்த அம்மையார் இன்று இல்லை.

அன்பர்களே, எந்தத் திருடனும் வரவில்லை. நச்சுநிரல் எதுவும் தாக்கவில்லை. காவலன் வந்தான், நம் கணினி அவனுக்குத் தெரியாத கணினி என்பதால் வாயிலை அடைத்தான். பாதுகாப்பு நூல்கள் மூன்று குறிக்கோள்களைச் சொல்கின்றன: தரவு பிறர் கண்ணில் படாதிருத்தல், மாற்றப்படாதிருத்தல், உரியவருக்குக் கிடைத்தல். மூன்றாவதை நம் காவல் மென்பொருளே கெடுத்தது. அதற்குக் கையொப்பமிட்டவர்களுள் நாமும் ஒருவர். இக்கட்டுரையின் சினத்தில் பாதி நம்மீதே உண்டு.

இது குறித்துப் பேசும்போதெல்லாம் மூன்று பதில்கள் வருகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“பெரும்பான்மையோர் பயன்படுத்துவதற்கே காவல்”

மேசைக் கணினிகளில் விண்டோஸே மிகுதி என்பதை யாரும் மறுக்கவில்லை. நச்சுநிரல் எழுதுவோரும் அதையே மிகுதியாகக் குறிவைக்கின்றனர். ஆகவே விண்டோஸை முதலில் காப்பது நியாயம். ஆனால், ‘முதலில்’ என்பதும் ‘மட்டும்’ என்பதும் ஒன்றல்ல.

காரைக்காலில் வாழ்வோருக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். நம் மூன்று பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். நம் ஆட்சியின் தலைமையிடமோ வடக்கே சுமார் 130 கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி இங்கிருந்து நீங்கிய நாள் முதல் எந்தப் பட்டியலிலும் நாம் ஒரு சிறு அடிக்குறிப்புதான். மாநிலம் எனத் தமிழ்நாட்டைத் தெரிவு செய்தால் மாவட்டப் பட்டியலில் காரைக்கால் இராது. புதுச்சேரியைத் தெரிவு செய்தால் நாம் தலைநகர்வாசிகள் என்று கருதிக்கொள்வார்கள். எண்ணிக்கையில் சிறியோர் விடுபட்டால் யாருக்கும் உறுத்துவதில்லை, விடுபட்டவரைத் தவிர.

ஆயினும் ஓரிடத்தில் நம்மை யாரும் விட்டுவிடவில்லை. 2007 பிப்ரவரி 5 அன்று காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியபோது, பங்கிடத்தக்கதெனக் கணக்கிட்ட 740 டி.எம்.சி. நீரில் புதுச்சேரிக்கென, அதாவது காரைக்கால் வயல்களுக்கென, 7 டி.எம்.சி. ஒதுக்கியது. நூற்றுக்கு ஒன்று கூட நிறையவில்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கையும் கருநாடகத்தின் பங்கையும் மாற்றியபோதும் இந்த 7 அப்படியே நின்றது. ‘ஒரு விழுக்காட்டுக்கும் குறைந்தவர், ஆதலால் ஆதரவு இல்லை’ என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கடைமடைக்கும் வயல் உண்டு என்பது அறமன்றோ?

அறம் ஒருபுறம் இருக்கட்டும். ஆற்றின் இயல்பையே பாருங்கள். ஒரு வாய்க்காலின் கரையில் பெரும்பகுதியை உயர்த்திக் கட்டிவிட்டு, சிறிதளவே என்று ஓரிடத்தை விட்டுவைத்தால் வெள்ளம் எங்கே உடைக்கும்? உடைத்த பிறகு யாருடைய வயல் மூழ்கும்? கட்டாமல் விட்டவன் வயல் மட்டுமா? வலையமைப்பும் அத்தகையதே. தாக்குபவன் பெரும்பான்மையைத் தேடி வருவதில்லை. உடைப்பைத் தேடி வருகிறான். நூறு விண்டோஸ் கணினிகளுக்கு நடுவே காவலின்றி நிற்கும் ஒரு வழங்கி போதும் அவனுக்கு. சந்தைப் பங்கு விற்பனையாளருக்கு வேண்டிய கணக்கு. காவலனுக்கு வேண்டியது, ‘இந்த வலையமைப்பில் என்னென்ன இணைந்துள்ளன’ என்ற கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டதே நம் பிழை.

“பழைய இயங்குதளத்தை வைத்திருப்பது உங்கள் குற்றம்”

இதில் ஓரளவு உண்மை உண்டு. அதை முதலில் ஒப்புக்கொள்வோம். தயாரித்தவரே பழுதுபார்ப்பை நிறுத்திவிட்ட இயங்குதளத்தின் மேல் எவ்வளவு சிறந்த காவல் மென்பொருளை ஏற்றினாலும், சுவர் இடிந்த வீட்டின் வாசலுக்குப் பூட்டுப் போட்டது போலத்தான்.

ஆனால் வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை. 2017 மே 12 அன்று ‘வான்னாகிரை’ என்னும் பிணைத்தொகை நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும் கேரளத்தில் வயநாட்டு ஊராட்சி அலுவலகக் கணினிகளும் அதற்குத் தப்பவில்லை. ‘எக்ஸ்பி வைத்திருந்தவர்கள் கெட்டார்கள்’ என்று அன்று பலர் சொன்னார்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்றே முடித்திருந்தது உண்மை. ஆனால் பாதிக்கப்பட்ட கணினிகளுள் ஏறத்தாழ 98 விழுக்காடு விண்டோஸ் 7 இயங்கியவை என்று காஸ்பர்ஸ்கை நிறுவனம் கணித்தது. அதாவது அன்றைக்குப் பெரும்பான்மை, அன்றைக்கு ஆதரவும் பெற்றிருந்த இயங்குதளம்! அவ்வோட்டையை அடைக்கும் திருத்தம் 2017 மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது. பலர் அதை நிறுவவில்லை. ஆதரவுப் பட்டியலில் இருப்பது மட்டும் யாரையும் காக்கவில்லை. மறுபுறம், மூன்றாண்டுகளாகக் கைவிடப்பட்டிருந்த எக்ஸ்பிக்கும் தாக்குதல் தொடங்கிய பிறகு அந்நிறுவனம் அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. பழையதைக் காப்பாற்ற இயலாது என்பதில்லை. ஊர் தீப்பற்றும் வரை மனம் வராது என்பதே உண்மை.

இன்று அதே கதை மீண்டும் நடக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு மாற டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையளவு செயலியும் வேண்டும். நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களிலும் கணினி மையங்களிலும் இருக்கும் கணினிகளுள் எத்தனை அத்தேர்வில் தேறும்? பணம் கொடுத்துத் திருத்தங்களைத் தொடர்ந்து பெற ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வணிக நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதலாண்டு 61 டாலர், பிறகு ஆண்டுதோறும் இரு மடங்கு. கல்வி நிறுவனங்களுக்கு முதலாண்டு 1 டாலர், பிறகு 2, அதன்பின் 4 என்றும் அறிவித்தார்கள். ஒரு தேநீர் விருந்தின் செலவில் ஓர் ஆய்வகத்தையே ஓராண்டு காக்கலாம். இச்செய்தியை நம் கல்லூரிகளுள் எத்தனை அறிந்தன? குழுக்கூட்டங்களில் நாம் இதைப் பேசினோமா?

ஆகவே குற்றம் பழைய கணினியை வைத்திருக்கும் ஏழைத் துறையுடையது மட்டுமன்று. முடிவுநாளை முன்கூட்டிச் சொல்லாத விற்பனையாளருக்கும், அதைக் கேட்காத நமக்கும் அதில் பங்குண்டு. பழையவற்றுக்கு என்றென்றும் ஆதரவு தா என்று நாம் கேட்கவில்லை. எந்நாள் வரை தருவாய் என்று வாங்கும் நாளிலேயே எழுதித் தா. அந்நாளுக்குப் பிறகு அக்கணினியை எப்படிப் பாதுகாப்பாக ஒதுக்கி வைப்பது என்ற வழியையும் சேர்த்துத் தா. இவ்வளவே.

ஒதுக்கி வைப்பதற்கும் துரத்திவிடுவதற்கும் வேறுபாடு உண்டு. நம் கரையோரமாக வடக்கே தரங்கம்பாடியைக் கடந்து சென்றால் பூம்புகார். பட்டினப்பாலை காட்டும் அத்துறைமுகத்தில் கடலிலிருந்து இறங்கும் பொருளும் கடலுக்கு ஏறும் பொருளும் காவலர் கண்பட்டு, சோழரின் புலி இலச்சினை பெற்றே நகர்ந்தன. எந்நாட்டு மரக்கலம், எம்மரத்தால் ஆனது என்பதைக் கொண்டு மட்டும் சரக்கைத் திருப்பி அனுப்பிய செய்தி அதில் இல்லை. சோதனை சரக்குக்கு, கப்பலின் சாதிக்கு அன்று. வலையமைப்பின் வாயிலில் நிற்கும் தீச்சுவரும் அவ்வாறே செயல்பட வல்லது. ஏஜென்ட் ஏறாத கணினியைத் தனிப் பிரிவில் வைத்து, அது எவ்வழங்கியோடு மட்டும் பேசலாம் என்று வரையறுத்து, போகும் வரும் தரவை வாயிலில் சோதித்தால் போதும். நம் பாட்டுக் கணினிக்கு வேண்டியிருந்ததெல்லாம் பொது வழங்கிக்குச் செல்ல ஒரே ஒரு வழி. அதைத் திறந்துவைக்க அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

“லினக்ஸுக்கு வைரஸ் வராது, அதற்கெதற்குக் காவல்?”

இது எதிரணியின் வாதமன்று. நம் கட்டற்ற மென்பொருள் நண்பர்களின் வாதம். அவர்கள்மீது நமக்கு அன்பு மிகுதி. அதனாலேயே இதைக் கடிந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பெருமிதமே விற்பனையாளருக்கு நல்ல சாக்காகிவிடுகிறது. ‘நீங்களே வேண்டாம் என்கிறீர்களே’ என்று கைவிரித்துவிடுகிறார்கள்.

2016இல் ‘மிராய்’ என்னும் நச்சுநிரல் கண்காணிப்புக் கேமராக்களையும் இணையத் திசைவிகளையும் இலட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டது. அவற்றின் உள்ளே இயங்கியது லினக்ஸ். 2017 சூலையில் நம் நாட்டில் பி.எஸ்.என்.எல். அகலப்பட்டை மோடம்கள் பல, தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாமல் இருந்ததால் தாக்குண்டு முடங்கின. 2024 மார்ச்சில் ‘எக்ஸ்.இசட்.’ என்னும் சுருக்க நிரலுக்குள் யாரோ பின்வாசல் ஒன்றை மறைத்து வைத்திருந்ததை ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர் கண்டுபிடித்தார். தொலைநுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதை ஐயுற்றுத் துருவியதால் அது பிடிபட்டது. அந்த ஐயம் எழாதிருந்தால் உலகின் எண்ணற்ற லினக்ஸ் வழங்கிகளுக்குள் அது நுழைந்திருக்கும். மேலும், லினக்ஸ் கணினி தான் நோயுறாவிட்டாலும் தன்னிடம் வைக்கப்பட்ட கோப்புகளின் வழியே பிற கணினிகளுக்கு நோயைக் கடத்தும். எனவே காவல் அதற்கும் வேண்டும்.

நம்மை வியக்க வைப்பது அரசின் நடத்தை. 2006-07 காலத்தில் தமிழ்நாட்டின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறி நாட்டுக்கே வழிகாட்டியது. 2007இல் நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் வெளிவந்தது. 2014இல் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தபோது தமிழ்நாடு அரசு தன் துறைகளுக்கு அதையே பரிந்துரைத்தது. நன்று. 2017 பிப்ரவரியில் நடுவண் அரசு ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ என்னும் மையத்தைத் தொடங்கி, பொதுமக்களுக்கு இலவசப் பாதுகாப்புக் கருவிகளை வழங்கியது. அதில் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு ‘எம்-கவச்’ வந்தது. அனுமதி பெற்ற நிரல்களை மட்டும் இயங்கவிடும் ‘ஆப்சம்வித்’ வந்தது. அது விண்டோஸுக்கானது; உருவாக்கியது அதே சி-டாக். ஒரு கை ‘இந்த வீட்டுக்குக் குடிவா’ என்கிறது. மறுகை பக்கத்து வீட்டுக்குப் பூட்டுச் செய்கிறது.

இயலாமையா? அன்று. 2023இல் பாதுகாப்பு அமைச்சகம் உபுண்டுவை அடித்தளமாகக் கொண்ட ‘மாயா’ என்னும் இயங்குதளத்துக்குத் தன் கணினிகளை மாற்ற முற்பட்டபோது, ‘சக்கரவியூகம்’ என்னும் காவல் அமைப்பையும் உடன்சேர்த்தது. படைத்தலைமையகத்துக்கு வேண்டும் என்றால் லினக்ஸுக்கும் காவல் வந்துவிடுகிறது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஊராட்சிக்கும் வேண்டும் என்று கேட்பவர்தாம் இல்லை.

ஒரே இயங்குதளத்தை மட்டும் கருதிக் காவல் அமைத்தால் நாடு எங்கே போய் நிற்கும் என்பதற்குத் தென்கொரியா சான்று. 1990களின் இறுதியில் அந்நாடு ‘சீட்’ என்னும் சொந்த மறைகுறியீட்டு முறையை உருவாக்கியது. ஆனால் உலாவிகளில் அது இல்லாததால், இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் இயங்கும் ‘ஆக்டிவ்எக்ஸ்’ செருகுநிரல் வழியே வங்கிகள் அதைப் புகுத்தின. மின்கையொப்பச் சான்றும் அவ்வழியே. விளைவு என்ன? பாதுகாப்பின் பெயரால் ஒரு நாடே ஒரு நிறுவனத்தின் ஓர் உலாவிக்குள் அடைபட்டது. மாக் வைத்திருந்தவரும் லினக்ஸ் வைத்திருந்தவரும் இணையத்தில் பணம் செலுத்த இயலாது தவித்தனர். மக்களோ திரையில் எது தோன்றினாலும் ‘நிறுவு’ என்று அழுத்தும் பழக்கத்துக்கு ஆளாயினர். நச்சுநிரல் எழுதுபவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கொரியத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து மயங்கிய சீன ரசிகர்கள், கதைநாயகி அணிந்த மேலங்கியைக் கொரியத் தளங்களில் வாங்க முடியவில்லை என்று 2014இல் அந்நாட்டு அதிபரே குறைபட்டுக்கொள்ளும் நிலை வந்தது. அச்சான்று முறையின் தனியுரிமை 2020 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது. இருபதாண்டுகள்!

2003இல் டான் கீர் முதலிய வல்லுநர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஒரே இயங்குதளம் எங்கும் நிறைவது ஒற்றைப்பயிர் போல ஆபத்தானது என்றனர். அதை வெளியிட்டதும் டான் கீர் தம் வேலையை இழந்தார். வயல் முழுதும் ஒரே ரகம் நட்டு, புகையான் விழுந்தபோது ஒரே வாரத்தில் கருகக் கண்ட டெல்டா உழவருக்கு அவ்வறிக்கையைப் படித்துக்காட்ட வேண்டியதே இல்லை.

எதிர்வாதத்தின் வலுவான பகுதி

நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘எல்லாவற்றுக்கும் ஆதரவு’ என்று பெயருக்கு எழுதிவிட்டுச் சோதிக்காமல் விடுவது, ஆதரவு இல்லை என்பதைவிடக் கேடானது. பாதுகாப்பு மென்பொருள் இயங்குதளத்தின் கருவரை இறங்கி வேலை செய்வது. அங்கே ஒரு பிழை நேர்ந்தால் கணினியே எழாது. 2024 சூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஒரு பிழையான புதுப்பிப்பு ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய பயணச்சீட்டுகள் தரப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். அதற்கு முந்தைய மாதத்தில் அதே நிறுவனத்தின் காவல் நிரலால் லினக்ஸ் கணினிகள் நிலைகுலைவது குறித்து ரெட் ஹாட் எச்சரிக்க நேர்ந்தது. ஆகவே ‘சோதிக்க முடிந்ததையே ஆதரிப்போம்’ என்று சொல்லும் பொறியாளரை நாம் பழிக்கவில்லை. அவருடைய கவலை மெய்யானது.

ஆனால் அக்கவலையிலிருந்து பிறக்க வேண்டிய முடிவு, பட்டியலைச் சுருக்கிக்கொண்டு மற்றவரைத் துரத்துவதன்று. எவற்றைச் சோதித்தோம், எவற்றைச் சோதிக்கவில்லை, சோதிக்காதவற்றை எப்படி ஒதுக்கிக் காப்பது என்று மூன்றையும் வெளிப்படையாகச் சொல்வதே முடிவு.

தமிழில் எழுதுவோருக்கு இச்சிக்கல் புதிதன்று. எழுத்துருக்கள் ஆளுக்கொன்றாய் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். விண்டோஸ் 2000 வந்த பின்பே இயங்குதள அளவில் ஒருங்குறித் தமிழ் அமைந்தது. விண்டோஸ் 98 வைத்திருந்தவர் கட்டம் கட்டமாகக் கண்டார். இயங்கு எழுத்துரு என்ற ஒட்டுவேலை சில உலாவிகளில் மட்டும் பலித்தது, மற்றோர் விலக்கப்பட்டனர். அன்று ‘தமிழ் படிக்கும் சிறுபான்மைக்காக ஏன் மெனக்கெட வேண்டும்’ என்று எல்லா நிரலாளரும் எண்ணியிருந்தால் இந்தக் கட்டுரையை இப்படி எழுதவும் படிக்கவும் இயலுமா? சந்தைப் பங்கால் வாழ்ந்தவரல்லர் நாம். யாரோ சிலர் நம்மையும் கணக்கில் சேர்த்ததால் வாழ்கிறோம். அப்படிச் சேர்க்கப்பட்டவர்கள் பிறரைச் சேர்க்க மறக்கலாமா?

என்ன செய்ய வேண்டும்?

புலம்பி முடிப்பது எளிது. ஆதலின் நம் கோரிக்கைகளை வரிசைப்படுத்துகிறோம். பொதுப்பணத்தில் இயங்கும் எந்தக் கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் இவை பொருந்தும்.

1. ஒப்பந்தப்புள்ளி எழுதுமுன் வளாகத்தில் உள்ளவற்றை எண்ணுக. கணினி, கைப்பேசி, அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமரா ஆகிய அனைத்தின் இயங்குதளமும் பட்டியலில் இடம்பெறட்டும். ‘விண்டோஸ் 10 மற்றும் அதற்கு மேல்’ என்று வேறொரு நிறுவனத்தின் தாளிலிருந்து படியெடுக்க வேண்டா.

2. ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் ஆதரவின் முடிவுநாளை விற்பனையாளர் எழுத்தில் தரட்டும். முன்னதாக நிறுத்த நேர்ந்தால் ஓராண்டு முன்னறிவிப்பு வேண்டும்.

3. ஆதரவு என்றால் சோதிக்கப்பட்ட ஆதரவு. எந்தப் பதிப்புகளில் சோதித்தீர் என்று கேளுங்கள். புதுப்பிப்புகள் முதலில் சில கணினிகளில் இயங்கிப் பார்க்கப்பட்ட பின்பே எல்லாவற்றுக்கும் செல்லட்டும்.

4. ஏஜென்ட் ஏறாத கணினியைத் துண்டிக்காதீர்கள். தனிப் பிரிவில் வையுங்கள், வாயிலில் சோதியுங்கள். படியெடுப்புக்கான வழியை மட்டும் ஒருபோதும் அடைக்காதீர்கள்.

5. அரசு நிறுவனங்கள் உருவாக்கும் பாதுகாப்புக் கருவிகள், அரசே பரிந்துரைக்கும் இயங்குதளத்துக்கும் அதே நாளில் வெளிவரட்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. குழுவில் ஒருவர் வாய் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். ‘எனக்குக் கணினி தெரியாது’ என்று வாளாவிருந்தவர்களாலேயே அந்த ஒரு வரி ஒப்பந்தமாயிற்று. நாம் அறிந்தவை நடவுப் பாட்டும் ஒப்பாரியும். அவை எங்கே சேமிக்கப்படுகின்றன, எவ்வழியே படியெடுக்கப்படுகின்றன என்பதையும் நாம்தான் அறிவோம், கணினித்துறை அறியாது. நாம் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த கொள்முதல் குழுக்கூட்டம் வரவிருக்கிறது. மேற்கண்ட ஐந்தையும் தட்டச்சிட்டு வைத்திருக்கிறோம். ஏற்கப்படாவிட்டால், நம் மாறுபட்ட கருத்தைப் பதிவேட்டில் எழுதிய பின்பே கையொப்பமிடுவோம். காளமேகத்தைப் போல மண்மாரி பொழிய வசைபாடும் புலமை நமக்கு இல்லை. இருந்தாலும் பாட மாட்டோம். இருக்கை கேட்பதோடு நிற்போம். கிடைக்கும் வரை கேட்போம்.

பி.கு.: துறைக்கு இப்போது வேறொரு பழைய கணினி வந்திருக்கிறது. அதிலும் லினக்ஸ்தான். மாணவர்கள் மீண்டும் நிரவிக்கும் நெடுங்காட்டுக்கும் போய் வருகிறார்கள். பதிவுகளைச் சனிக்கிழமைதோறும் இரண்டு தனித்தனி வன்தகடுகளில் படியெடுத்து, ஒன்றைத் துறையிலும் மற்றொன்றை நம் வீட்டு அலமாரியிலும் வைக்கிறோம். அந்த மாணவியின் அப்பாயி பாடிய ஒப்பாரியை அறிந்த மற்றொரு மூதாட்டி அதே தெருவில் இருக்கிறார். அவருக்குப் பாதிதான் நினைவிருக்கிறது.